சொன்னால் செய்வான்

டீக்கடையில் அவனுக்கு என்ன வேண்டும் என்று யாராலும் தெரிந்துகொள்ள முடிந்ததில்லை. காலையில் ஓட்டம் முடித்து வேர்வையோடு விளாங்குடி விலக்கில் வந்து நிற்போம். கடைக்காரர் என்னைக் கேட்கமாட்டார். தூரத்தில் பார்த்ததுமே எனக்குச் சர்க்கரை தூக்கலாக ஒரு டீயைப் போட ஆரம்பித்துவிடுவார். அவனைப் பார்த்துதான், "மாப்ள, உனக்கு?" என்பார். அவன் என்னைப் பார்ப்பான். நான் டீ என்றால் டீ. பால் என்றால் பால்.

ஒருநாள் வேண்டுமென்றே நான் வாயைத் திறக்கவில்லை. அவனும் திறக்கவில்லை. பாய்லர் கொதித்துக்கொண்டிருந்தது. கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏப்பா, குடிக்கப்போறது நீதானே? என்ன வேணும்னு வாயத் தெறந்து சொல்லு."

அவன் சிரித்தான். கன்னம் இரண்டிலும் குழி விழும் சிரிப்பு. "எதுனாலும் சரிண்ணே," என்றான்.

அப்போது எனக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

நாங்கள் இருவரும் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. ராணுவ அதிகாரிகளை உருவாக்கும் அகாடமிக்கு விண்ணப்பிக்கத் தயாராகிக்கொண்டிருந்தோம். பள்ளிப் படிப்பு முடிகிற வயதில் எழுதுகிற தேர்வு அது. பெண்களும் எழுதலாம் என்று அறிவித்து அதிகக் காலம் ஆகியிருக்கவில்லை. நான் அதைக் கேள்விப்பட்டதே அவனுடைய அப்பா மூலமாகத்தான்.

அவர் பட்டாளத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். சமயநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் காவல் வேலை பார்த்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் 'மிலிட்டரி'. நான் மட்டும் பெரியப்பா என்று கூப்பிடுவேன். சொந்தமெல்லாம் கிடையாது. எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு, அவ்வளவுதான். ஆனால் அப்படிக் கூப்பிட்டுப் பழகியதால் அவருடைய மகன் எனக்கு அண்ணன் தம்பி முறையாகிவிட்டான். காலையில் ஒரு பெண்பிள்ளை ஒரு பையனோடு கண்மாய்க் கரையில் ஓடுகிறாள் என்று யாரும் வாய்விட்டுப் பேசாமல் இருந்ததற்கு அந்த ஒரு சொல்தான் காரணம்.

பெரியப்பாவுக்கு ஒரே ஆசை. அதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை.

"மீசை கூட சரியா மொளைக்காத பயலுக்கெல்லாம் நான் சல்யூட் அடிச்சிருக்கேன் தாயி. தப்புன்னு சொல்லல. அவன் தோள்ல நட்சத்திரம் இருக்கு, அடிச்சுத்தான் ஆகணும். ஆனா எம் மகனுக்கு ஒருத்தன் சல்யூட் அடிக்கிறத நான் இந்தக் கண்ணால பாக்கணும்."

இதைச் சொல்லிவிட்டு மகனைப் பார்ப்பார். "போனா ஆபீசராத்தான் போகணும். சிப்பாயா மட்டும் போயிறாத. அதுக்கு நீ இங்கயே நெல்லுப்பேட்டையில மூட்டை தூக்கலாம். என்ன?"

"சரிப்பா," என்பான் அவன்.

இந்த "சரி"யை அவன் சொல்கிற விதம் தனி. சலிப்பு இருக்காது. பயமும் இருக்காது. வெயிலில் வந்தவனுக்கு நிழலில் இடம் காட்டியதுபோல முகம் ஒரு கணம் லேசாகும். அதற்குள் அவன் உடம்பு கிளம்பியிருக்கும்.

பத்தாம் வகுப்பில் நடந்தது இது. மாவட்ட விளையாட்டுப் போட்டிக்காக ஈட்டி, குண்டு எல்லாவற்றையும் எடுத்துக் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். பி.டி. சார் அவனைக் கூப்பிட்டு, "நான் வர்ற வரைக்கும் இங்கயே நில்லு. யாரும் தொடாமப் பாத்துக்க," என்று சொல்லிவிட்டுப் போனார். போனவருக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று வண்டியை எடுத்துக்கொண்டு அப்படியே ஊருக்குப் போய்விட்டார். சித்திரை நெருங்குகிற நேரம். மைதானத்தில் மருந்துக்கு ஒரு மரம் கிடையாது. மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. நாங்கள் கூப்பிட்டோம். "சார் வரல," என்றான். பள்ளிக்கூடம் விட்டது. "சார் வரல," என்றான். நானே ஓடிப்போய் ஆசிரியர்கள் அறையில் சொன்னேன். தலைமையாசிரியர் வந்து அவன் தோளைத் தொட்டு, "போப்பா, நான் சொல்றேன்," என்ற பிறகுதான் நகர்ந்தான். நாலு அடி எடுத்துவைத்தான். அப்படியே உட்கார்ந்து வாந்தி எடுத்தான்.

மறுநாள் காலை வழிபாட்டில் அவனை மேடையேற்றிப் பாராட்டினார்கள். இப்படி ஒரு கட்டுப்பாடு நம் பள்ளிக்கே பெருமை என்றார்கள். கைதட்டல் ஓயவே இல்லை. பெரியப்பாவும் வந்திருந்தார், நெஞ்சை நிமிர்த்தி நின்றார். நானும்தான் தட்டினேன். அவன் உதடெல்லாம் வெடித்துத் தோல் உரிந்திருந்தது. அதை யாரும் பேசவில்லை.

அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். எனக்குக் கணக்கு வராது. "சொல்லிக் குடுடா," என்று ஒரு தடவைதான் கேட்டேன். அதிலிருந்து தேர்வு முடியும்வரை தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் நோட்டோடு வந்து நிற்பான். காய்ச்சலோடு வந்திருக்கிறான். ஒரே கணக்கை நான் திரும்பத் திரும்பத் தப்பாகப் போட்டாலும் முகம் சுளிக்கமாட்டான். அவனைப்போல ஒரு பொறுமைசாலியை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். நான் நிறுத்தலாம் என்று சொல்லாதவரை அவன் நிறுத்தமாட்டான். எனக்குக் கண் சொக்கும். அவனுக்கும் சொக்கும். அடுத்த கணக்குக்குப் போவான்.

எழுமலையில் என் அத்தை மகள் கல்யாணத்துக்கு அவனையும் அழைத்துப்போயிருந்தோம். பந்தியில் ஆள் பற்றாக்குறை. என் மாமா அவன் கையில் ஒரு வாளியைக் கொடுத்து, "தம்பி, சாம்பார ஊத்துப்பா," என்றார். ஊற்றினான். ஒரு பந்தி முடிந்து அடுத்த பந்தி, அதற்கடுத்தது. எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவி, வெற்றிலை போட்டு, வேனில் ஏறி உசிலம்பட்டி தாண்டிவிட்டோம். அம்மா ஏதோ பேச்சுவாக்கில், "வத்தக்கொழம்பு நல்லா இருந்துச்சுல்லப்பா?" என்று அவனைக் கேட்டாள்.

"நான் சாப்பிடல சித்தி."

"ஏண்டா?"

"யாரும் உக்காரச் சொல்லல."

அம்மா வேனை நிறுத்தச் சொல்லி, ரோட்டோரக் கடையில் அவனுக்குப் புரோட்டா வாங்கிக் கொடுத்தாள். அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், வீட்டுக்கு வந்ததும் எதிர்வீட்டுக்குப் போய் அவனுடைய அம்மாவிடம் சொல்லிக் குறைபட்டாள். நானும் கூடப் போயிருந்தேன். அவனுடைய அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"கைப்பிள்ளையா இருக்கும்போதே அழாதடான்னு இவுக ஒரு சத்தம் போட்டா நிறுத்திருவான். எம்புட்டு நல்ல பிள்ளைன்னு ஊரே சொல்லுச்சு. சொன்னாச் செய்வான், சொன்னாச் செய்வான்னு எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. இப்பத்தான் சில நேரம் பயமா இருக்கு." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "இதப்போயி அவுக கிட்ட சொல்லிறாதீக," என்றாள்.

எழுத்துத் தேர்வுக்குச் சில மாதங்கள் இருக்கும்போதுதான் கண்மாய்க் கரையில் அது நடந்தது.

பெரியப்பா எங்களை நேரம் வைத்து ஓடவிடுவார். கரையின் ஒரு முனையில் புளியமரம், மறுமுனையில் மடை. மடையில் அவர் கடிகாரத்தோடு நிற்பார். அன்று கிளம்பும் முன்னால் எங்களிடம் சொன்னார்: "நேத்து பாதியில நின்னு ஷூ கயித்தக் கட்டுனீங்க. இன்னைக்கி என்ன ஆனாலும் சரி, மடையத் தொடாம ஒருத்தரும் நிக்கக் கூடாது."

நான் முன்னால் ஓடிக்கொண்டிருந்தேன். எதிரே புல்லுக்கட்டு ஏற்றிய ஒரு மொபெட் வந்தது. ஒதுங்கினேன், கட்டு தோளில் இடித்தது. கரையின் சரிவில் பாவியிருந்த கல்லில் போய் விழுந்தேன். இடது மணிக்கட்டில் ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. முழங்காலில் ரத்தம். மொபெட்காரர் தடுமாறிக் கொஞ்ச தூரம் தள்ளிப்போய் நின்றார். அவன் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தான். அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

அவன் என்னைப் பார்த்தான். நன்றாகப் பார்த்தான். கண்ணில் நீர் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. கால் மட்டும் நிற்கவில்லை. என்னைத் தாண்டி ஓடினான்.

என் வாழ்க்கையில் அதைவிடத் தனியாக நான் கிடந்தது கிடையாது. மொபெட்காரர்தான் ஓடி வந்து தூக்கி உட்காரவைத்தார். "என்னம்மா, கூட வந்த பய இப்புடிப் போறான்?" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அவன் திரும்பி வந்துவிட்டான். போனதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் வந்திருந்தான். மூச்சு வாங்க என் பக்கத்தில் மண்டியிட்டு, சட்டையைக் கழற்றி என் முழங்காலைக் கட்டினான். பின்னாலேயே பெரியப்பாவும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"விழுந்து கெடக்கிறவள விட்டுட்டாடா வந்த? அறிவு இருக்கா உனக்கு?"

"மடையத் தொடாம நிக்கக் கூடாதுன்னீங்கப்பா."

ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றது. பெரியப்பா மகனைப் பார்த்தார். யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல இருந்தது. பிறகு கையைக் கீழே போட்டுவிட்டு, என்னைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டார்கள். இனி அவனோடு ஓடக்கூடாது என்று என் அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். கட்டுப் பிரித்த வாரமே நான் மறுபடியும் கரைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "வலிக்குதா?" என்பதல்ல.

"உங்கப்பா போகலாம்னு சொல்லிட்டாரா?"

"இல்ல. வேணாம்னுதான் சொன்னாரு."

"அப்புறம் எப்படி வந்த?"

அவன் கிண்டல் செய்யவில்லை. நீச்சல் தெரியாதவன், தண்ணீருக்குள் எப்படி மூச்சைப் பிடிக்கிறாய் என்று கேட்பதுபோலக் கேட்டான்.

எழுத்துத் தேர்வில் நான் கணக்கில் தோற்றேன். அவன் தேறிவிட்டான். பெரியப்பா தெரு முழுக்க ஜாங்கிரி கொடுத்தார். அடுத்தது நேர்முகத் தேர்வு. பெங்களூரில், சில நாட்கள் அங்கேயே தங்கவைத்து ஆளை எல்லாப் பக்கமும் புரட்டிப் பார்ப்பார்கள். அதற்காகப் பெரியப்பா அவனை வீட்டில் தினமும் நாற்காலியில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும், எப்போது சிரிக்க வேண்டும், கையை எங்கே வைக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார். உனக்குப் பிடித்த பொழுதுபோக்கு என்ன என்று கேட்டால் மலையேறுவது என்று சொல்ல வேண்டும். வெறுமனே சொல்லக் கூடாது என்பதற்காக நாகமலையில் அவனை ஏற்றி இறக்கினார்.

போனான். தேர்வாகவில்லை என்று திரும்பி வந்தான்.

மறுநாள் எங்கள் வீட்டு மாடியில் துவைத்த துணியை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவன் வந்து ஓரமாக நின்றான். கேட்டேன். கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவான்.

"ஒரு டாஸ்க்ல என்னைய கமாண்டர் ஆக்குனாங்க. ரெண்டு பசங்க எனக்குக் கீழ. பலகை, கயிறு, ஒரு டிரம். நடுவுல தரையத் தொடாம அங்கிட்டுக் கடந்து போகணும். பசங்க என்னையப் பாத்தாங்க. நான் ஆபீசரப் பாத்தேன்."

"ஏண்டா?"

"எப்புடிச் செய்யணும்னு அவர் சொல்லுவார்னு நெனச்சேன்."

"அவரு?"

"ஒண்ணும் சொல்லல. நேரம் முடிஞ்சிருச்சு."

ஈரத்துணி என் கையிலேயே இருந்தது. அவன் தொடர்ந்தான்.

"அப்புறம் இன்டர்வியூ. அந்த ஆபீசர் ரொம்ப நல்லவரு. தண்ணி குடுத்தாரு. உங்கப்பா பேச்ச மீறி நீ செஞ்ச ஒரு காரியத்தச் சொல்லுன்னாரு. நெறைய நேரம் யோசிச்சேன். ஒண்ணு கூட இல்ல. அவரும் அவசரப்படுத்தல. கடைசியில, சரி, உனக்கு என்னதான் பிடிக்கும்னு கேட்டாரு. மலையேறப் பிடிக்கும்னேன். என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. உனக்கு என்ன பிடிக்கும்னு கேட்டேன்னு மறுபடியும் கேட்டாரு." கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டான். "அதுக்கு அப்பா ஒண்ணும் சொல்லிக் குடுக்கல."

பெரியப்பா இதை விடவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் இதையும் சரிசெய்யப் பார்த்தார். நான் அப்போது அங்கே இருந்தேன். அவனுடைய அம்மா சுட்ட ஆப்பத்தை எனக்கும் ஒரு தட்டில் வைத்திருந்தாள். பெரியப்பா மகனைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்.

"அடுத்த தடவையும் இதத்தான் கேப்பாங்க. பொய் சொன்னா மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிருவாங்க. அதனால நெசமாவே ஒண்ணு வேணும். அதுக்குள்ள எம் பேச்ச மீறி நீ ஒரு காரியம் செய்யணும். புரிஞ்சுதா?"

"என்ன செய்யணும்ப்பா?"

"அதையும் நானே சொல்லணுமாடா!"

அவனுடைய அம்மா அடுப்படியில் இருந்து வெளியே வந்தாள். பெரியப்பாவைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிடும்போல இருந்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் ஆப்பத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். அவன் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தலையை ஆட்டி, "சரிப்பா," என்றான்.

அதற்குப் பிறகு அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. என்னிடம் வந்து, "நீ உங்கப்பா பேச்ச மீறி என்னென்ன செஞ்சிருக்க?" என்று கேட்டான். சொன்னேன். வகுப்பை வெட்டிவிட்டு அழகர்கோயில் போனது, முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டது, கரைக்குத் திரும்ப ஓட வந்தது. பாடம் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டான். ஒருநாள் தியேட்டருக்குப் போனான். இடைவேளைக்கு முன்னாலேயே எழுந்து வந்துவிட்டான்.

"ஏண்டா?"

"படத்துக்குப் போகக் கூடாதுன்னு அப்பா சொன்னதே இல்ல. அப்ப இது மீறுனதா ஆகாதுல்ல?"

அதுதான் அவனுடைய சிக்கல். எதையும் அவன் கேட்டதில்லை. அதனால் எதையும் அவர் மறுத்ததில்லை. தன் அப்பா எதையெல்லாம் செய்யாதே என்று சொல்லியிருக்கிறார் என்று அவன் சின்ன வயதில் இருந்து தேடிப் பார்த்தான். அழாதே என்றிருந்தார். நிற்காதே என்றிருந்தார். அப்புறம் இன்னொன்று.

பிறகு கொஞ்ச காலம் அவன் அமைதியாகிவிட்டான். காலையில் ஓடினான், பகலில் எங்கேயோ போய்வந்தான். மறுபடியும் அகாடமித் தேர்வுக்குத்தான் படிக்கிறான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெரியப்பா வாசலில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தார். நான் தெருக்குழாயில் குடம் வைத்திருந்தேன். அவன் அவர் முன்னால் போய் நின்றான். நிற்கும்போதே குதிகால் சேர்ந்திருந்தது.

"அப்பா, நீங்க சொன்னதச் செஞ்சிட்டேன்."

"எத?"

"உங்க பேச்ச மீறச் சொன்னீங்கள்ல. சிப்பாய் வேலைக்கு எழுதுனேன். ஓட்டம், மெடிக்கல் எல்லாம் முடிஞ்சிருச்சு. எடுத்துட்டாங்க. அடுத்த மாசம் வரச் சொல்லிட்டாங்க."

குடம் நிரம்பி வழிந்து என் கால் நனைந்தது. பெரியப்பா பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை. அது அவர் கையிலேயே இருந்தது.

"இப்பப் புதுசா எடுக்குறாங்களே, அந்த நாலு வருஷத்துக்கா?"

"ஆமாப்பா."

"சிப்பாயாவா?"

"ஆமாப்பா."

கத்துவார் என்று நினைத்தேன். அடித்தால்கூட ஓடிப்போய்த் தடுத்திருக்கலாம். அவர் மகனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மெதுவாக, "இப்ப இத நீ எதுக்குடா செஞ்ச? உனக்கு ஆசையிருந்து செஞ்சியா, இல்ல நான் சொன்னேன்னு செஞ்சியா?" என்று கேட்டார்.

அவன் வெகுநேரம் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான்.

"தெரியலப்பா," என்றான்.

அவன் பயிற்சிக்குப் போன பிறகு பெரியப்பா மில் வேலையை விட்டுவிட்டார். வாசலில் உட்கார்ந்திருப்பார். நான் கல்லூரிக்குப் போகும்போதும் வரும்போதும் கூப்பிட்டுப் பேசுவார். பட்டம் வாங்கிவிட்டு எழுதுகிற அதிகாரிகள் தேர்வு ஒன்று இருக்கிறது. அதற்கு நான் தயாராகிறேன் என்று அவருக்குத் தெரியும். ஒருநாள் திடீரென்று சொன்னார்:

"தாயி, நான் பட்டாளத்துல எனக்கா எதையும் யோசிச்சதில்ல. சொன்னதச் செஞ்சேன். நல்ல ஹவில்தார்னு பேரு வாங்குனேன். என்னைய மாதிரி ஒருத்தன ஆக்குறதுதான் எனக்குத் தெரியும். அதத்தான் அவனுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். ஆபீசர் எப்படி ஆகுறான்னு எனக்கு எப்படித் தெரியும், சொல்லு?"

அவர் என் பதிலுக்காகக் கேட்கவில்லை.

இந்த ஆடி மாதம் அவன் விடுமுறைக்கு வந்திருந்தான். ஆள் அகலமாகிவிட்டான். கறுத்திருந்தான். அப்பாவும் மகனும் முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பேசிக்கொண்டார்கள். ரேஷன், குளிர், துப்பாக்கி என்று. கேட்க நன்றாக இருந்தது. திரும்பிப் போகிற அன்று மதியம் மதுரை ஸ்டேஷனுக்கு நானும் போனேன். பெரியப்பாவுக்கு மூட்டுவலி, வரவில்லை. பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"பிடிச்சிருக்காடா அங்க?"

"நல்லா இருக்கு. காலையில எந்திரிக்கிறதுல இருந்து படுக்கிற வரைக்கும் எல்லாம் அவங்களே சொல்லிருவாங்க. படுத்தா நல்லாத் தூக்கம் வருது." சொல்லும்போது அவன் முகம் லேசாக இருந்தது. அப்படி ஒரு நிம்மதியை அவனிடம் நான் பார்த்ததில்லை. அதைப் பார்க்க என்னால் ஏனோ முடியவில்லை. தண்டவாளத்தைப் பார்த்தேன்.

வண்டி வந்தது. பெட்டியை ஏற்றிவிட்டுக் கதவருகே வந்து நின்றான். ஏதோ சொல்ல வந்தவன்போல நின்றான். அவனாக ஒரு பேச்சை ஆரம்பிப்பது அபூர்வம் என்பதால் கிட்டே போனேன்.

"எல்லாரையும் வச்சுக்க மாட்டாங்க. நாலு வருஷம் முடிஞ்சதும் பாதிக்கு மேல வெளிய அனுப்பிருவாங்களாம்."

"தெரியும்டா."

"என்னைய அனுப்பிட்டா, அதுக்கப்புறம் நான் என்ன செய்யணும்?"

வெள்ளிக்கிழமைக்கு அடுத்து என்ன கிழமை என்று கேட்பதுபோல அவ்வளவு இயல்பாகக் கேட்டான். யாரோ பின்னாலிருந்து, "அங்கிட்டு நகருங்க தம்பி," என்றார்கள். உடனே நகர்ந்து இடம் விட்டான். மறுபடியும் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பாகிட்ட கேட்டேன். இனிமே எங்கிட்ட கேக்காதன்னுட்டாரு. நீ படிச்சிருக்க. நீ சொல்லு."

வண்டி ஊதியது. எனக்குச் சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. போலீஸ் வேலைக்கு எழுது. தபாலில் ஒரு டிகிரி முடி. கடை வை. யாரையாவது கல்யாணம் செய்துகொள். எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. இவற்றில் எதைச் சொன்னாலும் அவன் செய்துவிடுவான். அப்படியே, கடைசிவரை, ஒரு கேள்வி இல்லாமல் செய்துவிடுவான்.

"சீக்கிரம் சொல்லு. வண்டி கெளம்பிருச்சு."

கூடவே நடந்தேன். பிறகு கொஞ்சம் ஓடினேன். அவன் கம்பியைப் பிடித்துக் குனிந்து, என் வாயையே பார்த்துக்கொண்டு வந்தான். பிளாட்பாரம் முடிகிற இடத்தில் நின்றுவிட்டேன். கையை மட்டும் ஆட்டினேன்.